அடுப்பங்கரைச் சுவருக்கு வெள்ளை டைல்

ஆடி 2, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறார்கள் போலும். கொடியில் போட்ட வேட்டி சாம்பல் நிறம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கரித்தூள். ராயபுரத்தில் வீடு கட்டியவன் அனுபவிக்க வேண்டியதுதான்.

பெரம்பூரிலிருந்து மகள் லோகா வந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஏதோ படம் வரைகிற அவசரமாம். ஞாயிற்றுக்கிழமை என்ன படம். மாமனாரைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லலாம்.

வந்தவள் நேரே அடுப்பங்கரைக்குள் போய் நின்றாள்.

"நைனா, இது வூடா எஞ்சின் ஷெட்டா? பட்டப்பகல்ல வெளக்கு ஏத்திகினு சமைக்கிறாங்க. ஏற்கெனவே அம்மாவுக்குக் கண்ணு மங்கல்."

தனத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மார்கழியில் டாக்டர் பார்த்தாயிற்று. இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் அறுக்கலாம், அடுத்த கார்த்திகையில் வாருங்கள் என்றார். அதுவரை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். வயசானால் யாருக்கு மங்கவில்லை.

லோகா கெடு வைத்துவிட்டாள். "இந்த மாசம் முடியறதுக்குள்ள இத வெளிச்சமா மாத்து. இல்லாங்காட்டி அம்மாவ நான் இட்டுகினு போறேன். நீயும் வா. மாடி ரூம்பு காலியாத்தான் கீது."

மாப்பிள்ளை வீட்டு மாடி அறையில் நான். சாப்பாட்டுக்கு மணி பார்த்து இறங்குவதா. தனமும் அங்கே என்ன செய்வாள்? மூலையில் உட்கார வைத்துப் பூ தொடுக்கச் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இந்த அடுப்பங்கரை அவளுடையது. உப்பு எங்கே என்று எனக்கே தெரியாது.

தனம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பீங்கான் டைல் ஒட்டிவிடுவது. அடுப்பங்கரை, குளிக்கிற அறை, இரண்டுக்கும். முடிவு.

ஆடி 4, செவ்வாய்

டிராமில் யானைக்கவுனி. குடைக் கம்பி ஒன்று முறிந்தது, காற்று.

டைல் கடை பாய் நல்ல மனிதர், ஆனால் ஓயாமல் பேசுகிறார். பூப் போட்டது, மயில் போட்டது, பச்சைக் கரை போட்டது, எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். நான் வெள்ளை என்றேன்.

"நைனா, வெள்ள வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி கீதேன்னு வூட்ல சொல்லுவாங்க. ஒரு கரையாவது போட்டுக்கோ."

"வேண்டாம்."

அப்புறம் உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள் சின்ன டைல். ஆறங்குல நீளம், மூன்றங்குல அகலம், செங்கல்லின் முகம் அளவு. பால் வெள்ளை.

"சீமைல பூமிக்கு அடியில ரயிலு ஓடுதாம். அந்த டேஷன் சொவுரு பூரா இதான். சூரியனே இல்லாத எடத்துல பகல் மாதிரி கீதாம். உங்க அடுப்பங்கரை எந்த மூலைக்கு."

வியாபாரப் பேச்சுத்தான். ஆனாலும் மனசில் பட்டது.

பாய் எனக்கு டைலைப் பற்றிச் சொல்லித்தர ஆரம்பித்தபோது நிறுத்தினேன். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் பெட்டி எண்ணிக் குறித்தவன் நான். பெட்டி மேல் அச்சடித்த எழுத்தைப் பார்த்துத்தான் இங்கிலீஷே கற்றேன். பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் மெட்ரிக் பாஸ் பண்ணியவர்களை என் தலைக்கு மேல் உட்கார வைத்தார்கள். பெட்டி நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. இதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

மாதிரி இரண்டு வாங்கி வந்தேன். வெறும் வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று. பச்சை பாய் வற்புறுத்தியதால்.

ஆடி 5, புதன்

காற்று குறைவு. பல்வலி. கிராம்பு.

டைல் சோதனை:
ஒன்றோடு ஒன்று தட்டினேன். வெண்கலச் சத்தம். உள்ளே விரிசல் இல்லை.
மேலே மை சிந்திக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்தேன். கறை நிற்கவில்லை.
புளி கரைத்து ஊற்றினேன். நிற்கவில்லை.
மஞ்சள். லேசாக நின்றது, சாம்பல் போட்டுத் தேய்த்ததும் போயிற்று.

தனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் கையில் கொடுத்தேன். வெகுநேரம் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் நல்லாத்தான் கீது. உங்க இஷ்டம்."

"உனக்கு எது?"

"வெள்ளையே இருக்கட்டும்" என்று சொல்லிப் பச்சையை நீட்டினாள். என் காலத்தில் பாதி இவளுடைய கேலிக்குப் போயிற்று. நானும் சிரித்தேன்.

அப்புறம் கேட்டாள்: "சொவத்துல மாடம், ஆணியெல்லாம் அப்பிடியேதானே இருக்கும்?"

எல்லாம் புதுசாக ஆகும் என்றேன்.

ஆடி 7, வெள்ளி

மேஸ்திரி ஏகாம்பரம் வந்தான். வந்ததும் ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்று ஆரம்பித்தான்.

"ஆடியில நீ சாப்பிடறது உண்டா?"

"அது இல்லாமயா, நைனா."

"அப்ப வேலையும் செய்."

சுவரை அளந்தான். ஒரு சுவரில் மூன்று மாடம், அதாவது சாமான் வைக்கிற குழி. எட்டுப் பத்து ஆணி. புகையில் எல்லாம் ஒரே கருப்பு. மாடத்தைச் சுற்றி டைல் வைப்பதென்றால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும், வெட்டினால் நாலில் ஒன்று உடையும் என்றான். உடைசல் என்றால் எனக்கு ஆகாது. மாடங்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடு, ஆணிகளைப் பிடுங்கு, மேலே ஒரே நீளமாய்ப் பலகை அடித்துவிடு, வரிசை கோணக் கூடாது, இரண்டு டைலுக்கு நடுவே தலைமயிர் நுழையக் கூடாது என்றேன்.

"நைனா, அடைக்கிறதுக்கு முந்தி அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கயேன். பொழங்கறது அவங்கதான."

"வீடு என்னுடையது" என்றேன்.

தூசி கண்ணுக்கு ஆகாது என்று தனத்தைத் திருவொற்றியூரில் அவள் தங்கை வீட்டில் விட்டு வந்தேன். ஜட்காவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரோடு மோசம்.

ஆடி 10, திங்கள்

வேலை நடக்கிறது. சுவரைச் சுரண்டியதில் கூடை கூடையாகப் புகைக்கரி. ஏகாம்பரத்துக்குப் பல் மட்டும் வெள்ளை.

நானே சாதம் வடித்தேன். குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். மத்தியானமும் அதே. வீட்டில் சத்தம் இல்லை. மேஸ்திரி தட்டுகிற சத்தம் இருக்கிறது, ஆனாலும் இல்லை.

ஆடி 13, வியாழன்

முடிந்தது. அடுப்பங்கரை முழுவதும். நான்கு சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு, அடுப்புக்குப் பின்னால் மட்டும் தலை உயரத்துக்கு. உடைசல் மொத்தம் மூன்று, அதுவும் பெட்டியிலேயே உடைந்து வந்தவை. மத்தியானம் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது. பாய் சொன்ன ரயில் நிலையம் தோற்றது.

குளிக்கிற அறை அடுத்தது. ஏகாம்பரத்துக்கு அவன் தெருவில் கூழ் ஊற்றுகிற திருவிழாவாம், பத்து நாள் கழித்து வருகிறானாம். ஆடியைக் கண்டுபிடித்தவனைச் சொல்ல வேண்டும்.

ஆடி 14, வெள்ளி

தனத்தை அழைத்து வந்தேன். வாசற்படியில் நிறுத்தி, உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். அப்படியே நின்றாள்.

"எப்படி?"

"நல்லா கீதுங்க. பளபளன்னு கீது."

பலகையில் நானே டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், உயரத்தின்படி. அதையும் காட்டினேன். நல்லா கீது என்றாள். மூன்று முறை சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் நான் செய்த காரியத்தை யாராவது மூன்று முறை நல்லது என்று சொன்னது இதுதான் முதல்.

ஆடி 15, சனி

ரசத்தில் உப்பு இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. சொன்னேன். "தங்கச்சி வூட்ல ருசி மாறிப்போச்சு" என்றாள்.

வலது கையில் இரண்டு விரல் சுட்டுக்கொண்டிருக்கிறாள். புது இடம் பழக வேண்டும்தான். பழகிவிடும்.



ஆடி 17, திங்கள்

வாசகசாலை சாத்தியிருந்தது. பத்தரை மணிக்கே திரும்பிவிட்டேன். செருப்பை வெளியே விட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். தனம் கதவு நிலையைப் பிடித்து நின்றிருந்தாள். நான் நாலு முழ தூரத்தில், அவளுக்கு நேர் எதிரே. என்னைப் பார்த்தபடி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவள் என்னைப் பார்க்கவில்லை.

இதைவிட வெளிச்சம் எந்த வீட்டிலும் இருக்காது.

நிலையிலிருந்து சுவரில் நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே போனாள். டைலும் டைலும் சேருகிற இடத்தில் நகம் லேசாகத் தட்டும், அதை எண்ணுகிறாள். வாய்க்குள். "எட்டு, ஒம்போது, பத்து..." தலைமயிர் நுழையாத இணைப்பு. தப்பிவிட்டது. திரும்ப நிலைக்கு வந்தாள். மறுபடி ஒன்றிலிருந்து. இப்படி நாலு தடவை. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் பலகைக்குக் கை எட்டியது. டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்தாள். மூன்றாவதில் மல்லித்தூள்.

சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மூஞ்சியே இல்லாத சொவுரு."

நான் தண்ணீர் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். வாசலில் நின்று இருமிவிட்டு, செருப்பைத் தட்டிவிட்டு, மறுபடி உள்ளே போனேன்.

"இன்னாங்க, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள். சிரித்த முகம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன். கேட்டால் என்ன சொல்வது.

ஆடி 18, செவ்வாய்

காலையில் கேட்டுவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"இன்னா எத்தினி நாளா?"

"கண்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தடவி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"தையிலேர்ந்து. வெளிச்சமா இருட்டான்னு தெரியும். ஆளு வந்தா நெழலாட்டம் தெரியும். வெள்ள சொவத்துக்கு முன்னால வெள்ள வேட்டி நின்னா அதுவும் தெரியல."

"நேற்று நான் வந்தது?"

"நீங்க வந்தீங்களா?"

மறுபடி கேட்டேன். "அன்றைக்குப் பச்சையை நீட்டினாயே."

"அது பச்சையா?"

தையிலிருந்து ஆடி. ஏழு மாசம் அந்தக் கரிச் சுவரை வைத்து எனக்குச் சமைத்திருக்கிறாள். முதல் மாடம் உப்பு, நடு மாடம் புளி, மூன்றாவது தீப்பெட்டி. இந்த ஆணியில் கரண்டி, அடுத்த ஆணியில் ஜல்லடை. எல்லாம் கைக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் அடைத்துப் பூசி, வழவழப்பாக்கி, நல்லா இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா லோகா இஸ்துகினு போயிடுவா. அங்க மாப்ள ஒரு வார்த்த சொல்வாரு, நீங்க பத்து சொல்வீங்க. அப்பால ரெண்டு பேரும் நடுரோட்லதான்."

நான் முன்கோபி என்பது பொய். நியாயத்தைப் பேசுகிறேன்.

"சுவர் நல்லா இருக்கிறது என்றாயே. மூன்று முறை."

"எம்மாம் சந்தோஷமா காட்னீங்க. அதுக்கு வேற இன்னா சொல்றது."

ஏகாம்பரம் அன்றே சொன்னான். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இதை இங்கே எழுதுகிறேன், வேறெங்கும் சொல்வதாக இல்லை. 23ஆம் தேதி ஞாயிறு லோகா வருகிறாள். உப்பில்லாத ரசத்தையும் சுட்ட விரலையும் பார்த்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள்.

ஆடி 19, புதன்

தூறல், நின்றுவிட்டது.

ஏகாம்பரம் வீட்டுக்கே போனேன். மாடத்தைத் திறக்க முடியுமா என்றேன்.

"சிமெண்டு எறுகிப்போச்சு, நைனா. ஒரு மாடம் தொறந்தா நாலு வரிசை பேந்துகினு வரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவுற காரியமா. ஒத்த கல்லு ரெண்டு கல்லுன்னா பூவா எடுத்துடுவேன்."

திரும்பி வந்து மிச்ச டைல்களை எண்ணிக்கொண்டிருந்தேன், கை சும்மா இருக்க முடியாமல். ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்திருந்தேன். பின்பக்கம் வரிவரியாய்ப் பள்ளம், சிமெண்டு பற்றிக்கொள்வதற்காக. தனத்தின் கையில் அப்படியே வைத்தேன்.

"இது என்ன?"

"சீப்பு மாதிரி கீது."

"சுவரில் இருந்தால் தெரியுமா?"

இரண்டு விரலால் மறுபடி தடவினாள். "இது தெரியாமயா. இதுக்கு மூஞ்சி கீது."

மத்தியானம் முழுவதும் அடுப்பங்கரையில் இரண்டு பேரும். அவள் நிலையிலிருந்து நடந்து, அடுப்பில் வேலை செய்வது போல் நின்று, கை தானாகப் போகிற இடத்தில் கையை வைப்பாள். நான் அங்கே கரிக்கட்டியால் குறி போடுவேன். நான் ஒரு இடம் சொன்னேன், "அங்க உங்க கைக்குச் சரி, எனக்கு எட்டாது" என்றாள். அவள் சொன்னபடியே போட்டேன்.

குறித்தவை: நிலைக்குப் பக்கத்தில் 1. உப்பு 1. புளி 1. மிளகாய், மல்லி 1. தீப்பெட்டி 1. கரண்டி 1. அடுப்புக்கு இடது கைப்பக்கம், இதற்கு மேல் கை போகக் கூடாது என்பதற்கு 1. ஆக ஏழு.

என் கையெல்லாம் கரி. அவள் முகத்தில் பட்டுவிட்டது. துடைக்கிறேன் என்று இன்னும் பூசிவிட்டேன். "இதுக்கா இத்தினி டைலு ஒட்னீங்க" என்று சிரித்தாள்.

ஆடி 20, வியாழன்

ஏகாம்பரம் திருவிழாவை விட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"திருப்பி ஒட்றதா? நைனா, பாக்கறவன் என்னைத்தான் காறித் துப்புவான். ஏகாம்பரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியலன்னு ஊரு பூரா பேஜாரா பூடும்."

"நான் சொன்னேன் என்று சொல்."

"அதுவும் இல்லாம, பளபள பக்கம் சிமெண்டுல புடிக்காது."

"கொத்திவிட்டு ஒட்டு."

முனகிக்கொண்டே டைலின் பளபளப்பு முழுவதும் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினான். இரண்டு உடைந்தது. உடையட்டும். நாலாவது ஒட்டும்போது தனம் வந்து தடவிப் பார்த்து, "அரை வெரலு கீழ, தம்பி" என்றாள். அவள் கையையும் அவள் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் முனகவில்லை. மீதி மூன்றையும் அவளைக் கேட்டுக் கேட்டு ஒட்டினான். போகும்போது பலகைக்கு ஓரத்தில் ஒரு சட்டம் அடித்துவிட்டுப் போனான், டப்பா விழாமல் இருக்க. நான் சொல்லவில்லை.

ஆடி 22, சனி

வெயில். டைல் பிடித்துவிட்டது, இழுத்துப் பார்த்தேன்.

ரசத்தில் உப்பு சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னா, சத்தத்தையே காணோம்" என்றாள். சாப்பிடும்போது பேசக் கூடாது என்றேன்.

நகத்தால் எண்ணுவது இல்லை. உள்ளங்கையைச் சுவரோடு விட்டுக்கொண்டு போகிறாள். வரி தட்டினதும் நிற்கிறாள்.

ஆடி 23, ஞாயிறு

லோகா, மாப்பிள்ளை இருவரும். சங்கரா மீன் குழம்பு, வறுவல்.

மாப்பிள்ளை அடுப்பங்கரையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "மாமா, வேலை ரொம்ப சுத்தம். ஆனா ஏழு டைல் திருப்பி ஒட்டிட்டான் மேஸ்திரி. கவனிக்கலீங்களா?"

"அது அப்படித்தான்."

"வேணும்னா எங்க ஒர்க்‌ஷாப்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தன்..."

"வேண்டாம்."

லோகா அம்மா சமைப்பதைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தனம் உப்புக்குப் போனாள், புளிக்குப் போனாள், தீப்பெட்டிக்குப் போனாள், பேசிக்கொண்டே. ஒரு தடவையும் தடுமாறவில்லை. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. மீன் பிரமாதம். மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், அது அவருக்கு ஒரு நல்ல குணம்.

சாப்பிட்ட பிறகு லோகா தனியாக உள்ளே போனாள். கூடத்திலிருந்து பார்த்தேன். நிலைக்குப் பக்கத்து டைலைத் தடவினாள். அடுத்ததைத் தடவி, அதற்கு நேர் மேலே கையை நீட்டினாள், உப்பு டப்பா. அடுத்தது, புளி. அடுத்தது. வெகுநேரம் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போச்சு, தெரிந்துவிட்டது, இனி மூட்டைதான் என்று நான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் மனசில் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

வெளியே வந்து, "பலக ரெண்டு வெரலு ஒசரம். எறக்கி அடி" என்றாள். அவ்வளவுதான்.

ஜட்காவில் மாப்பிள்ளை ஏறின பிறகு என்னிடம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"கார்த்திகைல டாக்டராண்ட போவும்போது நானும் வருவேன். எனக்குத் தெரியாம போவக் கூடாது."

"சரி."

"நைனா, குளிக்கிற ரூம்ல எத்தினி வெக்கப் போற?"

ஜட்காவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வழுக்கற எடம். தரைக்கு இந்தக் கல்லு வாணாம், சொரசொரன்னு இருக்கறதா பாரு. சொவத்துல தாராளமா வை." ஏறிவிட்டாள். பெரம்பூர் மாடி அறையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆடி 24, திங்கள்

காற்று, கரித்தூள். ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினேன். குளிக்கிற அறைத் தரைக்குச் சொரசொரப்புக் கல் பார்க்க யானைக்கவுனி போக வேண்டும், தனத்தையும் அழைத்துப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சுவருக்கு எத்தனை என்று அவளைக் கேட்டேன். தொட்டிக்கு, கதவுக்கு, செம்புக்கு, சோப்புக்கு, கொடிக்கு என்று விரல் விட்டு எண்ணி, ஐந்து போதும் என்கிறாள்.

வழுக்குகிற இடம், ஒன்பதாக வைத்துவிடுவது.